வானிலிருந்து பார்த்த வளவு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த மூவர் சேர்ந்து எழுதி, ஒருவர் வாசித்த உரை)



இந்த மேடையில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, மணி கட்டிய மரம், வலைப்பந்துத் திடல், விடுதிச் சாப்பாடு என்று வழமையான நினைவுகளைத்தான் முதலில் எழுதத் தொடங்கினோம். எழுதியதை வாசித்துப் பார்த்தால், எங்களுக்கு முன்னர் பேசிய அக்காமார் எல்லோரும் அவற்றை எங்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே அதைக் கிழித்துப்போட்டு, உரோமர் கட்டிய கோட்டைகளைப் பற்றிப் பேசுவது என்று முடிவெடுத்தோம். "பருத்தித்துறைக்கும் உரோமருக்கும் என்ன சொந்தம்?" என்று செயலாளர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கோ, சொல்கிறோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வலிகாமம் வடக்கில் மணமுடித்துப் போனவ. 1990இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்களில் அவவின் குடும்பமும் ஒன்று. அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அவ ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தா. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் மகள் கணினியில் கூகிள் ஏர்த்தைத் திறந்து, "அம்மா, உங்கட வீடு எது, காட்டுங்கோ" என்று கேட்டிருக்கிறாள். அவவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒழுங்கைகள் இல்லை, வேலிகள் இல்லை, எல்லாம் பற்றை. கிணறு மட்டும் ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது. அந்தக் கிணற்றை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தா. வீடு இல்லை. கூரையும் இல்லை, சுவரும் இல்லை, தரைமட்டம்.

மகள் சும்மா இருக்காமல் வேறு ஒரு நாளில் எடுத்த படத்தைத் திறந்தாள். அது நல்ல கோடையில் எடுத்த படம். புல் காய்ந்து கிடந்தது. அந்தப் புல்லுக்குள் வெளிறிய கோடுகள். நேர்க்கோடுகள், ஒன்றையொன்று சரியாக வெட்டும் கோடுகள். விறாந்தை, சாமியறை, இரண்டு படுக்கையறை, தனியே தள்ளிக் குசினி. அத்திவாரத்துக் கல்லுக்கு மேல் மண் மெல்லிசு. அதனால் அங்கே முளைத்த புல் மற்றப் புல்லுக்கு முந்தியே வாடிவிட்டது. தாயும் மகளும் இரவு முழுவதும் அந்தப் படத்தின் முன்னால் இருந்தார்களாம். மறுநாள் எங்களுக்குத் தொலைபேசி எடுத்து அவ சொன்ன முதல் வார்த்தை, "எடியே, வீடு போகேல்லையடி, கீழ இருக்குது" என்பதுதான்.

அந்தத் தோழி கண்டதற்கு ஆங்கில நாட்டில் ஒரு துறையே இருக்கிறது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. வயலில் விளையும் பயிர், கீழே புதைந்து கிடப்பதைக் காட்டிக்கொடுக்கும். நாம் அதைப் பயிர்க்குறி என்று சொல்லலாம். எந்தக் காலத்திலோ வெட்டிய அகழி ஒன்று தூர்ந்துபோய் மேலே உழுது சமமாகிவிட்டாலும், அந்த இடத்து மண் ஆழமானது, ஈரம் கூடப் பிடிக்கும். அதன்மேல் நிற்கும் கோதுமையும் வாற்கோதுமையும் பச்சையாக, ஒரு சாண் உயர்ந்து நிற்கும். கீழே கல்லுச் சுவர் கிடந்தால் அதற்கு நேர்மாறு: பயிர் கட்டையாகி முந்தியே மஞ்சளாகும். வரப்பில் நிற்கும் கமக்காரனுக்கு இது வெறும் ஏற்ற இறக்கம். ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது வரைபடம். மழை பெய்யாத வருடத்தில்தான் வரைபடம் தெளிவாகத் தெரியும் என்பது இன்னும் விசித்திரம். பிரித்தானியாவில் 1976இலும் 2018இலும் கொடும் வரட்சி. கமக்காரர் தலையில் கைவைத்த அந்தக் கோடைகளில் தொல்லியலாளர்கள் சிறு விமானங்களில் ஏறி நாள் முழுதும் பறந்தார்கள்.

இந்தத் துறையைத் தொடக்கிவைத்தவர்களில் முக்கியமானவர் ஓ. ஜி. எஸ். குரோபோர்ட். 1886இல் பம்பாயில் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் விமானத்திலிருந்து எதிரியின் நிலைகளை வேவு பார்க்கும் வேலை செய்தவர், சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறையிலும் இருந்தவர். போர் முடிந்த பிறகு விமானப்படையின் பழைய படங்களை மேசையில் பரப்பி, அவற்றில் வரலாற்றுக்கு முந்திய காலத்து வயல்களையும் பாதைகளையும் கண்டுபிடித்தார். 1924இல் இதுபற்றி அவர் எழுதியது வெளிவந்தது. எங்கள் சங்கத்தை எங்கள் பாட்டிமார் தொடங்கியதும் அந்தக் காலம்தான். கம்பளத்தின் மீது நடக்கும் பூனைக்கு அதன் பூவேலை தெரியாது, மேலே நிற்கும் மனிதனுக்குத்தான் தெரியும் என்று அவர் விளக்குவாராம். எங்களுக்குக் கம்பளம் தூரம். கோலத்தின் மீது ஊரும் எறும்பை நினைத்துக்கொள்ளுங்கோ.

உரோமர் கோட்டைகள் இப்படிக் கண்டுபிடிக்கச் சொல்லிவைத்தாற்போல் அமைந்தவை. எங்கே கட்டினாலும் ஒரே அமைப்பு: சீட்டுக்கட்டுச் சீட்டைப்போல நீள்சதுரம், மூலைகள் மட்டும் வளைவு, சுற்றிவர அகழி, நாலு வாசல், நடுவில் தலைமையகம். இயற்கையில் அப்படி ஒரு வடிவம் இல்லை. படைகள் ஓரிரு இரவு மட்டும் தங்கிப் போன பாசறைகளின் அகழிகூட ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு பயிரில் தெரிகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் செயின்ற் ஜோசப், இரண்டாம் உலகப்போருக்குப் பின் பல பத்தாண்டுகள் பறந்து பறந்து, ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்திலும் வயல்களுக்குள் மறைந்து கிடந்த கோட்டைகளையும் பாசறைகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்.

சிரியாவின் கதைதான் எங்களை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது. அங்கே 1920களில் புவாதெபார் என்ற யேசுசபைப் பாதிரியார், இரட்டை இறக்கை விமானத்தில் பறந்து பாலைவனத்தைப் படமெடுத்தார். அங்கே பயிர் இல்லை. காலையிலும் மாலையிலும் சூரியன் சரிந்திருக்கும்போது ஒரு முழ உயர மேடுகூட நீண்ட நிழல் விழுத்தும். அந்த நிழல்களை வைத்து 116 உரோமக் கோட்டைகளைப் பதிவுசெய்து 1934இல் நூலாக்கினார். எல்லாம் வடக்குத் தெற்காக ஒரு கோட்டில் நிற்பதாகக் கண்டு, இது கிழக்கிலிருந்து வரும் எதிரிகளைத் தடுக்கும் எல்லை மதில் என்று முடிவுசெய்தார். தொண்ணூறு ஆண்டுகளாக உலகம் அதை நம்பியிருந்தது. 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு படங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவை 1960களிலிருந்து 80கள் வரை அமெரிக்க உளவுச் செய்மதிகள் பனிப்போருக்காக எடுத்தவை, பிறகு இரகசியம் நீக்கப்பட்டவை. அவற்றில் முன்பு அறியப்படாத 396 கோட்டைகள் தெரிந்தன. அவை எல்லைக்கோட்டில் இல்லை, கிழக்கு மேற்காகப் பரந்து கிடந்தன. அப்படியானால் அவை ஆட்களைத் தடுக்கும் மதில் அல்ல. வணிகரும் பயணிகளும் பத்திரமாகப் போய்வர வழிநெடுகக் காவலும் தங்குமிடமுமாக இருந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாதிரியார் கெட்டிக்காரர்தான். ஆனால் எல்லைக்கோட்டைத் தேடிப் பறந்தவருக்கு எல்லைக்கோடே கிடைத்தது. அந்தப் படங்களில் உள்ள கோட்டைகள் பல இன்று உழவுக்கும் வீடுகளுக்கும் அழிந்துவிட்டன. உளவுப் படத்தில் மட்டும் இருக்கின்றன.

இந்த இடத்தில் நாங்கள் மூவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் வகுப்புக்கு வானம் என்றால் என்ன? ஹெலிச் சத்தம் கேட்டால் கொப்பியைப் போட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடுவது. பொம்மர் வட்டமடித்தால் மூச்சைப் பிடிப்பது. மேலிருந்து எங்களைப் பார்க்கிறவர் எவரும் நல்லதுக்குப் பார்ப்பதில்லை என்றுதான் வளர்ந்தோம். அப்படி எடுத்த படங்களிலும் எங்கள் ஊர்கள் இருந்திருக்கும். எங்கோ ஓர் அலுமாரியில் இன்னும் இருக்குமோ என்னவோ.

நல்ல நோக்கத்தோடு எடுத்தவையும் உண்டு. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியுடன் இலங்கையை வானிலிருந்து படமெடுத்தார்கள். எங்கள் அம்மாமார் இங்கே படித்த காலத்து யாழ்ப்பாணம் அது.

இனிச் செயலாளரின் கேள்விக்கு வருவோம். பருத்தித்துறையில் உரோமக் கோட்டை இல்லை. இலங்கையில் எங்கும் இல்லை. உரோமப் படை இங்கே வரவேயில்லை. வந்தது உரோமக் காசு. கந்தரோடையில் 1917 முதல் 1919 வரை அகழ்ந்த நீதிபதி போல் ஈ. பீரிஸ் உரோம நாணயங்களையும் கண்டெடுத்தார். குளோடியஸ் பேரரசன் காலத்தில் இலங்கையிலிருந்து நாலு தூதுவர் உரோமுக்குப் போனதைப் பிளினி எழுதிவைத்தார். 2ஆம் நூற்றாண்டில் தொலமி இந்தத் தீவைப் பற்றி எழுதியபோது நாகதீபத்தின் பெயரையும் சேர்த்தார்.

வானிலிருந்து பார்த்து வாய்பிளக்க வேண்டிய இடம் எங்களுக்குக் கிட்டவே இருக்கிறது. திருக்கேதீச்சரத்துக்குப் போகாதவர் இங்கே குறைவு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவிக்கரை, மாதோட்டம். நாங்களும் பலமுறை போய்க் கும்பிட்டு வந்தவர்கள்தான். அந்தக் கோயிலை அண்டிய மேட்டை இரட்டை அகழி சுற்றிவருகிறது என்றும், மேலிருந்து பார்த்தால் அது குதிரை லாடம்போல அழுத்தமாகத் தெரியும் என்றும் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த மேடு ஒரு பெரிய துறைமுகப் பட்டினத்தின் எச்சம். அங்கே 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் போரால் நின்றது. அதன் முழு அறிக்கை வெளிவர 2013 ஆயிற்று. போருக்குப் பின் மீண்டும் தோண்டியபோது கிடைத்தவற்றில் மிளகு மணிகளும் ஒரேயொரு கராம்பும் உண்டு. அந்தக் கராம்பு கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுப் பழையது, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்திருக்க வேண்டியது. குசினியில் கராம்பைக் கிள்ளிப் போடும்போதெல்லாம் எங்களுக்கு இப்போது அந்த ஒற்றைக் கராம்பு நினைவு வருகிறது.

கந்தரோடையில் 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் அகழ்வு செய்தது. அதில் பங்கெடுத்தவர் விமலா பெக்லி என்ற பெண் தொல்லியலாளர். இன்றைய பிள்ளைகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில்லு உருட்டிப் பதித்ததுபோல உள்ளே வரிவரியாகப் புள்ளி போட்ட மெல்லிய மட்பாண்டம் ஒன்று கந்தரோடையிலும் கிடைக்கிறது, புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும் கிடைக்கிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மோட்டிமர் வீலர், இது மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது என்று நினைத்தார். பெக்லி பின்னாளில் அரிக்கமேட்டுப் பொருள்களைத் திரும்ப ஆராய்ந்து, இவை இந்திய மண்ணிலேயே வனைந்தவை, எங்கள் பக்கத்துக் குயவர் கைவண்ணம் என்று வாதிட்டார். நல்ல பொருளைக் கண்டால் வெளிநாட்டுச் சாமான் என்று நினைப்பது பெரிய பேராசிரியர்களுக்கும் உள்ள வருத்தம்தான்.

எங்கள் வாசற்படிக்கு வந்தால் வல்லிபுரம். ஆழ்வார் கோயிலும் மணற்கும்பிகளும். 1936இல் அங்கே கிடைத்த பொற்தகடு, வசப மன்னன் காலத்தில் நாகதீவை இசிகிராயர் என்ற அமைச்சர் ஆண்டபோது விகாரை ஒன்று கட்டப்பட்டதைச் சொல்கிறது என்று பரணவிதான வாசித்தார். அதன் மொழியையும் பெயர்களையும் பற்றிப் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை போன்றோர் வேறு விளக்கமும் தந்தார்கள். அதே இடத்தில் எடுத்த புத்தர் சிலை 1906இல் தேசாதிபதி ஹென்றி பிளேக்கினால் சீயத்து அரசருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. எங்களைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

உயர்தர வகுப்பில் எங்கள் புவியியல் ரீச்சர் ஒரு சனிக்கிழமை எங்களை வல்லிபுரத்துக்குக் கூட்டிப்போனா. மணல் எப்படி நகர்கிறது என்று காட்டத்தான். காற்று ஒரு பக்கத்து மணலை அள்ளி மற்றப் பக்கம் கொட்டும். பத்து வருடத்தில் கும்பி இடம் மாறிவிடும். காற்று அள்ளிய பள்ளத்தில் கறுப்பும் சிவப்புமாக ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. நாங்கள் பாவாடையை மடித்து அள்ளினோம். ரீச்சர் ஏசினா. "எடுத்த இடத்திலேயே வையுங்கோ. எங்க கிடந்தது என்று தெரியாத ஓடு, வெறும் ஓடு" என்றா. அன்று எங்களுக்கு அது விளங்கவில்லை. ஒருத்தி இரண்டு துண்டை ஒளித்துக் கொண்டுவந்து நாள் முழுதும் கெந்தி விளையாடினாள். அவள் யார் என்று சொல்லமாட்டோம். இந்த உரையை எழுதியவர்களில் ஒருத்தி.

அதற்குப் பிறகு 1987 வந்தது. மே மாதம் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. அதற்கு முன்னும் பின்னும் வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினோம். எங்கள் ஒருத்தியின் வளவில் ஆளுயரம் வெட்டியபோது இடுப்பளவு ஆழத்தில் ஒரு சாண் தடிப்புக்குக் கரி, சாம்பல், சிப்பி, ஓடு. ரீச்சர் சொன்னது நினைவு வந்தது. ஆனால் மேலே ஹெலி. அள்ளிச் சாக்கில் போட்டுப் பங்கர் வாசலுக்கு அடுக்கினோம். எத்தனை நூற்றாண்டு அந்தச் சாக்குகளுக்குள் போயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. உயிர் தப்பினோம். செய்தது பிழை என்று சொல்லவரவில்லை. நடந்தது அது.

இப்போது அழிவதற்கு அந்தச் சாட்டு இல்லை. வடமராட்சி கிழக்கில் மணல் உழவு இயந்திரப் பெட்டிகளில் போகிறது. இரவில் போகிற மணலுக்குள் என்ன போகிறது என்று பார்ப்பவர் இல்லை. புதையல் தோண்டுகிற கூட்டம் வேறு. இன்னொன்றும் உண்டு, அதை மேடையில் சொல்ல எல்லோருக்கும் தயக்கம். அத்திவாரம் வெட்டும்போது பழைய கல்லோ ஓடோ கண்டால், "சத்தம் போடாமல் மூடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பலகை நாட்டுவார்கள், காணி போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். இருபது முப்பது வருடம் தன் காணியைப் படலைக்கு வெளியே நின்றுகூடப் பார்க்க முடியாதிருந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். தொல்பொருள் கண்டால் அறிவிக்க வேண்டும் என்று 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆனால் மூடிவிட்டால் அது யாருடையது என்ற கேள்விக்கு மற்றவர்கள்தான் விடை எழுதுவார்கள். நாகதீவில் புத்தரைக் கும்பிட்டவர்களில் எங்கள் மூதாதையரும் இருந்தார்கள் என்றால் அதில் எங்களுக்கு என்ன குறை? ஆனைக்கோட்டையில் 1980இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பழைய புதைகுழியைத் தோண்டி, எழுத்துப் பொறித்த சின்னஞ்சிறு முத்திரையைக் கண்டபோது அதை உலகுக்குக் காட்டினார்கள். அதனால்தான் அதைப் பற்றி இன்று பேச முடிகிறது.

விமானம் ஓட்ட எங்களால் முடியாது. எங்கள் ஊரில் பயிர்க்குறி தேடுவதும் இலேசு அல்ல: காணிகள் துண்டு துண்டு, பனங்கூடல், தோட்டத்துக்கு நாளாந்தம் இறைப்பு, பயிர் வாட விடுவதில்லை. ஆனால் வேறெங்கும் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஒல்லாந்தர் தோம்பு எழுதிய காலத்திலும் அதற்கு முந்தியும் வழங்கிய பெயர்கள் இன்றைக்கும் உறுதியில் பரப்புக்கும் குழிக்கும் பக்கத்தில் இருக்கின்றன. திடல், புலம், கோட்டை, பள்ளி, துறை என்று அந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருப்பவை சும்மா வந்தவை அல்ல. பேராசிரியர் பொ. இரகுபதி யாழ்ப்பாணத்து ஆதிக் குடியிருப்புகளைத் தேடி நடந்து 1987இல் நூலாக்கியபோது எங்கள் மணற்கும்பிகளையும் விட்டுவைக்கவில்லை. காலால் நடந்தும் அவ்வளவு காண முடியும்.

அந்த உறுதிகள் இப்போது எங்கே? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சூட்கேசுகளுக்குள். வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள்தான் கடைசி. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டு இலக்கம் தெரியும், காணிப் பெயர் தெரியாது.

ஆகவே நூற்றாண்டுக்கு எங்கள் வகுப்பின் அன்பளிப்பாகச் சங்கத்துக்கு ஒரு பெரிய கொப்பி தருகிறோம். காணியின் பெயர், ஊர், கிட்ட உள்ள கோயில் அல்லது குளம், பாட்டி சொன்ன கதை ஏதும் இருந்தால் அது, கிணறு வெட்டும்போது என்ன வந்தது என்ற நினைவு. இவ்வளவும் போதும். உரிமையாளர் பெயர் வேண்டாம், பரப்பு வேண்டாம், உறுதி இலக்கம் வேண்டவே வேண்டாம். பொருள் கிடைத்த இடத்தைச் சரியாகக் காட்டும் பக்கங்கள் மட்டும் அச்சில் வராது. புதையல்காரருக்கு நாங்கள் வழிகாட்டப் போவதில்லை. அவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிப்பவர்களிடம் போகும். பழைய குடும்பப் படங்களில் வளவும் வேலியும் தெரிந்தால் அதன் பிரதியும் தாருங்கோ.

முதலாவது பக்கம் எழுதியாயிற்று. ரொறன்ரோத் தோழி தொலைபேசியில் சொல்ல நாங்கள் எழுதினோம். காணி விடுபட்டுவிட்டது, அவ போய்ப் பார்த்தும்விட்டா. பற்றை வெட்டியபோது அத்திவாரம் அந்தப் படத்தில் கண்டபடியே இருந்ததாம். குசினி மட்டும் அவ நினைத்ததைவிடச் சின்னன்.

கொப்பி மண்டபத்து வாசலில், வலப்பக்க மேசையில் இருக்கிறது. இந்த மலரைத் தூரத்தில் இருந்து வாசிப்பவர்கள் கடிதமாக எழுதிச் சங்கத்துக்கு அனுப்பலாம். பேனையை நூலில் கட்டியிருக்கிறோம், தயவுசெய்து ஒருவரும் கொண்டுபோக வேண்டாம்.